தராசைச் சரிபாருங்கள்

ஒரு ஸ்க்ரிப்ட் எழுதி ஓட விடுகிறீர்கள். கம்ப்யூட்டர் திணறுகிறது. லினக்ஸ் தெரிந்த நண்பர் வந்து ‘டாப்’ என்று தட்டுகிறார். எண்கள் குதிக்கின்றன. “பாருங்க, உங்க ஸ்க்ரிப்ட்தான் மெமரியைத் தின்னுது” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அப்பீலே கிடையாது.

என் புகார் ஸ்க்ரிப்ட் மேல் இல்லை. தராசு மேல்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘டைம்’ என்றொரு குட்டிக் கட்டளை. ஸ்க்ரிப்ட் பெயருக்கு முன்னால் போட்டால் மூன்று கணக்குக் கொடுக்கும்: ரியல், யூஸர், சிஸ். பேங்க்கில் டி.டி. எடுக்கப் போகிறீர்கள். நீங்கள் ஃபாரம் நிரப்பியது 2 நிமிடம், அது யூஸர். கவுன்ட்டர்காரர் உங்களுக்காக உழைத்தது 3 நிமிடம், அது சிஸ். சுவர்க் கடிகாரப்படி 1 மணி நேரம், அது ரியல். மிச்சம் 55 நிமிடம் சும்மா நின்றது. ஸ்க்ரிப்டும் டிஸ்க்குக்காக, நெட்வொர்க்குக்காக இப்படித்தான் நிற்கும். அப்போது வேகமான பிராஸஸர் வாங்குவது தண்டச் செலவு. இதை மூன்றே வரியில் சொல்லிவிடும் டைமுக்கு என் ஓட்டு.

மெமரி விஷயத்தில்தான் வம்பு. டாப்பில் ‘ரெஸ்’ என்று ஒரு பத்தி உண்டு. ஒரே ஸ்க்ரிப்டின் 10 பிரதிகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் 50 எம்.பி. காட்டுகிறது என்று வையுங்கள். கூட்டினால் 500. வாடகை சர்வரில் இருப்பதோ 512. “பெரிய சர்வருக்கு மாறிடுங்க” என்பார் நண்பர்.

பொறுங்கள். அந்த 50-ல் 40 எம்.பி. பத்துப் பேருக்கும் பொது. சொந்தம் 10 தான். நிஜச் செலவு 40-ம் 100-ம் சேர்த்து 140 எம்.பி. கட்டட வாடகையைப் பத்து டிபார்ட்மென்ட் கணக்கிலும் முழுசாக எழுதினால் எந்த ஆடிட்டர் விடுவார்? பி.காமில் இதற்குப் பொதுச்செலவுப் பங்கீடு என்று தனிப் பாடமே உண்டு.

லினக்ஸ்காரர்களுக்கும் இது தெரியும். 2008-ல் வந்த 2.6.25 கெர்னலிலிருந்தே ‘பி.எஸ்.எஸ்.’ என்ற கணக்கு இருக்கிறது. பொதுவானதைப் பங்கு போட்டு, ஆளுக்கு 14 என்று காட்டும். கூட்டினால் சரியாக 140. ஆனால் டாப் தானாக இதைக் காட்டுவதில்லை. தேடிப் போக வேண்டும்.

பி.எஸ்.எஸ்.ஸும் அப்பழுக்கில்லாதது இல்லை. ஒன்பது பிரதிகளை நிறுத்திவிட்டால், மிஞ்சியதன் கணக்கு 14-லிருந்து 50-க்குத் தாவும். அது பாவம், கூடுதலாக ஒன்றும் தின்னவில்லை.

தராசே கோணலான கதையும் உண்டு. க்னூ டைம் 1.7 பதிப்பு உச்ச மெமரியை நான்கு மடங்காகக் காட்டியது. கிலோபைட்டில் வந்த எண்ணை, 4 கே.பி. பக்கங்களின் எண்ணிக்கை என்று நினைத்து மறுபடி பெருக்கிய கூத்து. பிறகு திருத்திவிட்டார்கள். அதற்குள் எத்தனை ஸ்க்ரிப்ட்கள் பழி சுமந்தனவோ!

அடுத்த முறை யாராவது ரேம் வாங்கச் சொன்னால், எந்தப் பத்தியைப் பார்த்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். பர்ஸைத் திறப்பது அப்புறம்.