ஊழிக் கதையும் சயாம் ரயில் நாவல்களும்

உலகம் அழிவதைக் கூறும் கதையை மனிதன் ஏன் விரும்பிப் படிக்கிறான்? நகரம் எரிவதும், கடல் ஊரை விழுங்குவதும், எஞ்சியோர் திசையறியாது நடப்பதும் படிப்போர்க்குச் சுவையாவது எங்ஙனம்? பாதுகாப்பான இடத்திலிருந்து பிறர் துயரைக் காணும் நிம்மதியே காரணம் என்பார் உளர். அழிவைக் கற்பனையில் மட்டும் கண்டவர்க்கு அவ்விடை பொருந்தலாம். அழிவை வாழ்ந்தே அறிந்த மலேசியத் தமிழர்க்கு அது பொருந்தாது.

தமிழில் அழிவுக் கதை புதிதன்று. சிலப்பதிகாரத்தில் மதுரையைத் தீ உண்டது. மணிமேகலையில் புகாரைக் கடல் கொண்டது. இரண்டிற்கும் காரணம் கூறப்படுகிறது. பாண்டியன் நீதி தவறினான். மகனைத் தேடி அலைந்த சோழன் இந்திர விழாவை மறந்தான். கண்ணகி ஏவிய தீயும் கண்மூடிப் பரவவில்லை. அறவோரையும் பத்தினிப் பெண்டிரையும் முதியோரையும் குழந்தைகளையும் விடுத்துத் தீயோரையே சேருமாறு அது பணிக்கப்பெற்றது. எனவே, காப்பிய அழிவு தரும் இன்பம் அழிவினால் விளைவதன்று. அழிவினூடே நீதி நிறைவேறுவதால் விளைவது.

இந்நீதிக் கணக்கு கிள்ளான் தோட்டங்களில் பொய்த்தது. 1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் அவ்வட்டாரத்துப் பால்மரத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. மே மாதத்தில் படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பறிபோயின. அதே ஆண்டு டிசம்பர் 8இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூர் அவர்கள் வசமாயிற்று. அசைக்கவொண்ணாதது என்று கருதப்பட்ட துரைமார் உலகம் ஐந்தே வாரங்களில் சரிந்தது.

அழிவுக் கதையின் முதற் கவர்ச்சி இங்கே புலனாகும். மேலிருந்தது கீழாவதைக் காணும் ஆவலே அது. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972), ஜப்பானியர் புகுந்த மேடான் நகரைக் காட்டும்போது இவ்வாவலையும் அதன் பின்னே வரும் அச்சத்தையும் ஒருங்கே எழுப்புகிறது. பழைய அதிகாரம் ஓடிவிட்டது. புதியது வாளோடு நிற்கிறது.

அவ்வாள் யாரை நோக்கியது என்பதே மலேசியத் தமிழ் நாவலின் வினா. சைக்கிளிலிருந்து இறங்க மறுத்த தொழிலாளர் வர்க்கமே சயாமுக்கு ரயிலேற்றப்பட்டது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளப் பாதை போடப்பட்டது. மாண்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 12,000 பேர். ஆசியத் தொழிலாளரோ ஏறத்தாழ 90,000 பேர் என மதிப்பிடப்படுகிறது. தீயோரை மட்டும் தேடும் தீ அங்கே இல்லை. காலராவும் மலேரியாவும் பசியும் குற்றமற்றவரையே கொண்டன.

ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய நாவல்கள் இவ்வழிவைப் பொருளாகக் கொண்டவை. நீதி நிறைவேறும் இன்பம் இவற்றில் இல்லை. பின் எதற்காகப் படிப்பது? தொல்காப்பியர் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களை வகுத்தார். பிறரால் இகழப்படுதல், உற்றாரை இழத்தல், முன்னைய நிலை கெடுதல், இல்லாமை என்னும் இந்நான்கும் சயாம் காட்டில் ஒருவன்மேல் ஒருசேர இறங்கின. காப்பியங்களில் அழிவு அச்சத்தை முதன்மையாக்கும். இந்நாவல்களில் அது அழுகையை முதன்மையாக்கும். அச்சம் படிப்போனை விலக்கி நிறுத்துவது; அழுகை அவனை உறவாக்குவது.

பியேர் பூல் பிரெஞ்சு மொழியில் எழுதிய குவாய் நதிப் பாலக் கதை 1952இல் வெளிவந்து, 1957இல் திரைப்படமாகி உலகப் புகழ் பெற்றது. அதன் நடுவே நிற்பது ஓர் ஆங்கிலேய அதிகாரியின் தன்மதிப்பு. காஞ்சனபுரியில் நேசநாட்டு வீரர்களின் கல்லறைகள் பெயர் பொறித்து வரிசையாக உள்ளன. தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலோர்க்கோ கல்லும் இல்லை, பெயரும் இல்லை. ஆகவே தமிழ் நாவலைப் படித்தல் பொழுதுபோக்கைக் கடந்து, இறந்தோர்க்குச் செய்யும் கடனாகிறது.

எனினும் கடன் என்பதற்காகக் கலையின் அளவுகோலைத் தளர்த்தலாகாது. பிணங்களை எண்ணிக்கொண்டே போகும் கதை படிப்போன் நெஞ்சை மரக்கச் செய்யும். ஊழியே மாறினும் நிலை திரியாதவரைச் சான்றோர் என்றார் வள்ளுவர். தன் பங்குச் சோற்றை நோயாளிக்கு ஈயும் ஒருவனைக் காட்டும் ஒரு பக்கம், நூறு சாவுகளைக் கூறும் பத்துப் பக்கங்களினும் வலியது. எல்லாம் அழிந்தபின் எஞ்சும் மனிதத்தன்மையைக் காணும் வேட்கையே ஊழிக் கதையின் நிலையான கவர்ச்சி.

இன்றைய மாணவர் அணுகுண்டாலும் கொள்ளைநோயாலும் உலகம் அழியும் அயல்நாட்டுக் கதைகளை ஆர்வத்துடன் படிக்கின்றனர். அதனைக் குறைகூற வேண்டியதில்லை. பிரிக்பீல்ட்ஸ் வழியே வடக்கு நோக்கி ஓடும் இருப்புப்பாதையும் ஓர் உலகத்தின் முடிவுக்கே இட்டுச் சென்றது என்பதை அவர்க்கு உணர்த்துதல் தமிழாசிரியர் கடமை. அவ்வழிவைக் கண்ணால் கண்டோர் அருகிவரும் இந்நாளில், சான்று கூற எஞ்சி நிற்பவை இந்நாவல்களே.