தண்டட்டி: அணியும் பங்கும்

2023ஆம் ஆண்டு வெளிவந்த 'தண்டட்டி' திரைப்படத்தை ஒரு கிராமத்து நகைச்சுவைப் படமென்று பலரும் பார்த்துச் சிரித்திருப்பர். இராம் சங்கையா இயக்கிய இப்படம் எழுப்பும் கேள்வியோ சிரிப்புக்குரியதன்று. மூதாட்டி ஒருத்தி (ரோகிணி) இறந்துவிடுகிறாள். கிடத்தப்பட்ட உடலின் காதிலிருந்த தண்டட்டி காணாமற்போகிறது. அதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு தலைமைக் காவலர் ஒருவரின் (பசுபதி) தலையில் விழுகிறது.

ஒப்பாரியும் பங்குச் சண்டையும் ஒரே வீட்டில் ஒலிப்பதை அஞ்சாமல் காட்டியது படத்தின் சிறப்பு. மூதாட்டியின் இளமைக் காதலை விரித்து, நகைக்குப் பின்னே ஒரு வாழ்வு உண்டென்று உணர்த்துவதும் பாராட்டுக்குரியது. கூச்சலும் குடிகார மகனின் கேலிக்கூத்தும் அளவு மீறியது குறையே.

அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. தண்டட்டி, வளர்த்த காதுக்கென்றே அமைந்த அணி. காது வளர்க்கும் வழக்கம் மறைந்தபின், அதை மகளோ பேத்தியோ அணிய வழியில்லை. பொற்தகட்டினுள் அரக்கு நிரப்பிச் செய்வதால், உருக்கினால் பார்வைக்குத் தோன்றிய அளவு பொன்னும் தேறாது. அணிய இயலாதது வெறும் பங்காகிவிடுகிறது. சண்டையின் வேர் இதுவே. படம் இதனருகே வந்தும் நின்று பேசாமல் திருடனைத் தேடி ஓடிவிடுகிறது.

சோழவரம், கும்மிடிப்பூண்டிப் பக்கத்து இல்லங்களில் தண்டட்டி அரிதாயினும், பாட்டியின் சங்கிலியும் தாயின் வளையலும் உண்டு. பழைய வேலைப்பாடென்று அவற்றை அழித்துப் புதிது செய்கிறோம். ஆலைச் சம்பளம் நின்றால் அடகுக் கடைக்கு அனுப்புகிறோம். இதில் பழிக்க ஏதுமில்லை. விடுதலைப் பயண நூலில் காதணிகள் உருகிக் கன்றுக்குட்டியானது 32ஆம் அதிகாரம். மக்கள் மனமுவந்து அளித்த காதணிகள் இறைவனின் கூடாரப் பணிக்குச் சென்றது 35ஆம் அதிகாரம். இரண்டிலும் பொன் கைவிட்டுப் போகிறது. போகும் நோக்கமே வேறு.

ஆகவே, நகை யாருக்கு என்பதைத் தாய் உயிரோடிருக்கையிலேயே சொல்லட்டும். அது எப்படி வந்தது, எந்தத் துன்பத்தில் அடகுக்குப் போய் எப்படி மீண்டது என்பதையும் சேர்த்தே சொல்லட்டும். அணிய இயலாத நகையிலும் பிள்ளைகள் பெற்றுக்கொள்ளக்கூடியது அந்த வரலாறு. அதைத் தன் பிள்ளைகளிடம் சொல்லாமலே படத்தின் மூதாட்டி கண்மூடிவிட்டாள். காதைத் தவிர அவர்கள் வேறெதையும் பார்க்காமற்போனதில் வியப்பென்ன?