இளிவரலும் வாசகரும்: 'நாளை மற்றுமொரு நாளே' நாவலைச் சிங்கப்பூரில் வாசித்தல்

ஒரு நாவல் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்று ஆராயும் அளவுக்கு, அது எவ்வாறு வாசிக்கப்பட்டது என்று நாம் ஆராய்வதில்லை. வாசகர் எதிர்வினை என்பது பாராட்டு, கண்டனம் என்ற இரு சொற்களுக்குள் அடங்கிவிடுவதாகக் கருதி மேலே சென்றுவிடுகிறோம். ஆயினும் சில நாவல்களைப் பொறுத்தவரை, அவை எழுப்பும் எதிர்வினையே அவற்றை அறிவதற்கான முதல் வாயிலாக அமைகின்றது. ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே' அத்தகையது. இந்நாவலைச் சிங்கப்பூர்த் தமிழாசிரியர் சிலரோடு சேர்ந்து வாசித்தபோது எழுந்த எதிர்வினைகளை முன்வைத்து, நகர வாழ்வின் அடித்தளத்தைப் பேசும் புனைவை நாம் எவ்வாறு எதிர்கொள்கிறோம் என்பதை இக்கட்டுரை நோக்குகிறது.

நாவலும் நாவலாசிரியரும்

ஜி. நாகராஜன் (1929-1981) கணிதம் கற்பித்தவர். மதுரை அவருடைய வாழ்வோடும் எழுத்தோடும் நெருங்கிய தொடர்புடைய நகரம். பாலியல் தொழிலாளர் வாழும் ஒரு சந்தைக் களமாகக் கொண்ட 'குறத்தி முடுக்கு' 1963இலும், 'நாளை மற்றுமொரு நாளே' 1974இலும் வெளிவந்தன. பின்னது கந்தன் என்னும் மனிதனின் ஒரே நாளைச் சொல்வது. அவன் காலையில் விழித்தெழுவதில் தொடங்கும் கதை, அவன் காவலர் கையில் அகப்படுவதோடு முடிகின்றது. குடி, தரகு, சிறுசிறு அடாவடிகள் ஆகியவற்றால் நகரும் வாழ்க்கை அவனுடையது. அவன் மனைவி மீனா பாலியல் தொழில் செய்பவள். இருவருக்கும் இடையே இருப்பது உண்மையான பரிவு. தனக்குப் பின் மீனாவின் நிலை என்னாகும் என்ற கவலை அந்த ஒரு நாள் முழுதும் கந்தனைத் தொடர்கின்றது.

இக்கதைப் பொருளைக் காட்டிலும் வாசகரைத் தடுமாறச் செய்வது ஆசிரியர் கூற்றின் தன்மையே. பாத்திரங்கள் பேச்சுத் தமிழில் பேச, கதைசொல்லி நிதானமான எழுத்துத் தமிழில், சிறிதும் குரலுயர்த்தாமல் சொல்லிச் செல்கிறார். கந்தனை அவர் கண்டிப்பதுமில்லை, அவனுக்காக வாதாடுவதுமில்லை.

இதன் அருமையை உணர ஜெயகாந்தனை ஒப்புநோக்கலாம். 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்த அவருடைய 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை பெரும் விவாதத்தை எழுப்பியது. கெடுக்கப்பட்ட மகளைத் தாய் மன்னித்து ஏற்றது சரியா என்று வாசகர்கள் வழக்காடினர். அவ்வழக்கே, தாய் ஏற்காதிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற வினாவாக மாறி, பின்னர் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலாக விரிந்தது. அந்நாவல் 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதெமி விருதைப் பெற்றது. அங்கு வாசகர் தீர்ப்புச் சொல்வதற்கு ஒரு செயல் இருந்தது. அதற்கு மறுதீர்ப்புச் சொல்ல ஓர் ஆசிரியரும் இருந்தார். நாகராஜனிடமோ வழக்கே இல்லை. தீர்ப்புச் சொல்லப் பழகிய வாசகர் கைகட்டி நிற்க நேர்கின்றது. நாவல் மீதான சினத்தின் ஒரு பகுதி இங்கிருந்தே பிறக்கின்றது எனலாம்.

மூவகை எதிர்வினை

சில ஆண்டுகளுக்கு முன் சிராங்கூன் சாலைக்கு அண்மையில் மாலை வேளைகளில் நடந்த ஒரு சிறு வாசிப்புக் குழுவில் இந்நாவலை எடுத்துக்கொண்டோம். பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் உயர்நிலைப் பள்ளி, தொடக்கக் கல்லூரி ஆசிரியர்கள். மூன்று விதமான எதிர்வினைகள் தெளிவாக வெளிப்பட்டன.

முதலாவது, ஒழுக்கம் சார்ந்தது. "இதை மாணவர் கையில் எப்படிக் கொடுப்பது?" என்பதே அதன் வடிவம். இதனை வெறும் கூச்சம் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்தும் அதற்கு மேற்பட்டும் வயதுடைய சிங்கப்பூர்க் குடியிருப்பாளர்களுள் வீட்டில் மிகுதியும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினரே. வீட்டில் தமிழ் கேளாத பிள்ளைக்கு வகுப்பறையில் கேட்பதே தமிழ். அங்கே நுழையும் ஒவ்வொரு சொல்லுக்கும் தாமே பொறுப்பு என்று ஆசிரியர் எண்ணுவதில் வியப்பில்லை.

ஆனால் இப்பொறுப்புணர்ச்சிக்கு நாம் கொடுக்கும் விலையும் உண்டு. நன்னெறி, பண்டிகை, மூத்தோரை மதித்தல் ஆகியவற்றை மட்டுமே தமிழில் கேட்டு வளரும் இளைஞன், தன் சினத்தையும் வேட்கையையும் வெட்கத்தையும் வேறொரு மொழியில் சொல்லக் கற்றுக்கொள்கிறான். தமிழ் அவனுக்கு நற்சான்றிதழ் மொழியாக நின்றுவிடுகின்றது. 2005ஆம் ஆண்டின் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வு பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடம் தந்தது. அது பெரிய முன்னேற்றமே. எனினும் நாம் உள்ளே அழைத்த பேச்சுத் தமிழ், படித்தவர் தமக்குள் பேசும் தமிழ். கந்தனின் பேச்சு இன்னும் வாசலில்தான் நிற்கின்றது.

இரண்டாவது எதிர்வினை, கல்வியாளருக்குரியது. நாவலைச் சமூக ஆவணமாகக் காண்பது அதன் இயல்பு. விளிம்புநிலை, நகர்மயமாதல் முதலிய சொற்கள் இங்குக் கைகொடுக்கும். இக்குற்றத்துக்கு நானும் ஆளானவன். வெளிநாட்டில் முனைவர் பட்ட ஆய்வு செய்த காலத்தில், இந்நாவலின் இடங்களை மதுரை வரைபடத்தில் குறித்து ஓர் அட்டவணை ஆக்கினேன். நெறியாளர் அதைப் பார்த்துவிட்டு, "இந்த ஆள் ஏன் சிரிக்கிறான் என்பதற்கு இதில் எந்தக் கட்டம்?" என்று கேட்டார். என்னிடம் விடையில்லை. ஆவண வாசிப்பு நாவலைப் பழிப்பதில்லை. ஆனால் கந்தனை ஒரு வகைமாதிரியாக்கிக் கையுறையோடு தொடுகின்றது. ஒழுக்கவாதி நூலை மூடிவைக்கிறார்; ஆவணவாதி திறந்துவைத்துக்கொண்டே தப்பித்துக்கொள்கிறார்.

மூன்றாவது எதிர்வினை, தூரம் சார்ந்தது. "அது அந்தக் காலத்து மதுரை. நம்மிடையே இப்படிப்பட்டவர்கள் இல்லை" என்றார் ஒருவர். பலர் தலையசைத்தனர். நாங்கள் அமர்ந்திருந்த இடத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில்தான், பாலியல் தொழிலுக்கு நெடுங்காலமாக அறியப்பட்ட டெஸ்கர் சாலை உள்ளது. ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷியர் சாலையும் சந்திக்கும் இடமும் தொலைவில் இல்லை. 2013 டிசம்பர் 8ஆம் நாள் இரவு, பேருந்து மோதித் தமிழக ஊழியர் ஒருவர் அங்கு உயிரிழந்ததை அடுத்துக் கலவரம் மூண்டது. 2015இல் இயற்றப்பட்ட மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் சிறப்பு வட்டாரங்களாக வரையறுக்கப்பட்டன. அந்நாள்களில் நம்மவர் உரையாடல்களில் 'அவர்கள்', 'நாம்' என்ற பிரிவினை எத்துணை அழுத்தமாக ஒலித்தது என்பதைக் கேட்டவர் மறந்திருக்க மாட்டார்கள். முன்னர்ச் சொன்ன 2.5 விழுக்காட்டில் வேலை அனுமதிச்சீட்டில் வந்திருக்கும் அவ்வூழியர்கள் சேர்வதில்லை. அது குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே கணக்கில் கொண்டது. ஞாயிறு மாலைகளில் தேக்காவை நிறைக்கும் தமிழ், நம் புள்ளிவிவரத்துக்கும் பாடநூலுக்கும் ஒருங்கே வெளியில் நிற்கின்றது.

சொல்லப்படாத எதிர்வினை

அன்றைய அமர்வில் ஓர் ஆசிரியை எதுவுமே பேசவில்லை. கூட்டம் கலைந்தபின் தேக்கா நிலையம் நோக்கி நடக்கையில் அவர் சொன்னது: "என் அப்பா கந்தன் மாதிரிதான் சார். ராத்திரி எந்த நிலையில வருவார்னு தெரியாது. ஆனா அம்மாவுக்குக் காய்ச்சல்னா நெத்தியில துணி நனைச்சுப் போட்டுக்கிட்டு விடிய விடிய உக்காந்திருப்பார். நம்மிடையே இல்லைன்னு அவங்க சொன்னப்போ, இருக்குன்னு எப்படிச் சொல்றது?" அவர் வளர்ந்தது ஈரறை வாடகை வீட்டில். இருபதாண்டுகளாகத் தமிழ் கற்பித்துவரும் அவர், தம் வீட்டைப் போன்ற ஒன்றைத் தமிழ் நூலில் கண்டது அதுவே முதன்முறை என்றார்.

இந்த நாவல் பற்றி நான் கேட்ட எதிர்வினைகளுள் மிக ஆழமானது இதுதான். அது அமர்வின் குறிப்பேட்டில் இடம்பெறவில்லை. மூன்று எதிர்வினைகளும் சேர்ந்து நாலாவதைப் பேசவிடாமல் செய்துவிட்டன.

இளிவரல் என்னும் மெய்ப்பாடு

அருவருப்பு இலக்கியத்துக்கு ஒவ்வாதது என்ற கருத்து நம் மரபுக்கு உரியதன்று. தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகளில் நகை, அழுகை ஆகியவற்றை அடுத்து வைக்கப்படுவது இளிவரல். அதன் நிலைக்களன்களாக அவர் கூறுவன மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கு. மென்மை என்பதை உரையாசிரியர்கள் வறுமையோடு இணைத்துப் பொருள் கொள்வர். இப்பட்டியலில் தீயொழுக்கம் இல்லை என்பது கருதத்தக்கது. உடலும் வாழ்வும் மனிதனைத் தாழ்த்தும் இடங்களே இளிவரலைப் பிறப்பிக்கின்றன. மேலும், இம்மெய்ப்பாடு தன்னிடத்தும் தோன்றும், பிறரிடத்தும் தோன்றும் என்று உரைமரபு பகுத்துக் காட்டுகின்றது.

நம் அமர்வை விளக்க இப்பகுப்பே போதுமானது. பேசியவர்களுக்கு இளிவரல் பிறனிடத்துத் தோன்றியது. ஆகவே அவர்களால் அதைக் கருத்தாக மாற்றிச் சொல்ல முடிந்தது. பேசாதவருக்கு அது தன்னிடத்துத் தோன்றியது. நாகராஜனின் கதைசொல்லி தீர்ப்பை ஒத்திவைப்பதன் பயனும் இங்கு விளங்குகின்றது. கண்டித்திருந்தால் கந்தன் நமக்குப் பிறனாகவே இருந்திருப்பான், வாதாடியிருந்தால் இரக்கப்பொருளாகியிருப்பான். இரண்டும் இன்மையால், அவனை எங்கே வைப்பது என்ற பொறுப்பு வாசகர் மேல் விழுகின்றது.

மதுரையின் கணிகையர் வீதிகளைச் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கற்பிக்க நாம் தயங்குவதில்லை. காலத் தொலைவும் செய்யுள் நடையும் அங்கு நமக்குக் கையுறையாகிவிடுகின்றன.

இவ்வாறு கூறுவதனால் நாவல் குறைகளுக்கு அப்பாற்பட்டது என்று பொருளாகாது. மீனாவின் மனம் பெரிதும் கந்தனைச் சுற்றியே நமக்குப் புலனாகின்றது. அவளுடைய வருங்காலத்தை அவன் ஏற்பாடு செய்ய முனைவதைப் பரிவு என்று மட்டும் வாசிக்கலாமா, அப்பரிவிலும் ஓர் உடைமையுணர்ச்சி இல்லையா என்பன கேட்கப்பட வேண்டிய வினாக்கள். ஆனால் பத்தாம் பக்கத்தில் வசைச்சொல்லைக் கண்டு நூலை மூடியவர் இவ்வினாக்களை வந்தடைவதில்லை. நாவலைக் கடுமையாக விமர்சிக்கும் உரிமை, அதை முழுதும் படித்தவருக்கே வாய்க்கின்றது.

எதிர்வினையின் விளைவு

இவையெல்லாம் வாசிப்பறைக்குள் முடியும் செய்திகள் அல்ல. அண்டை நாடான மலேசியாவில் ம. நவீன் எழுதி 2019இல் வெளிவந்த 'பேய்ச்சி' நாவல் தோட்டப்புற வாழ்வைக் களமாகக் கொண்டது. அதன் வசைச்சொற்களைச் சுட்டித் தமிழ் வட்டாரங்களிலேயே கண்டனங்கள் எழுந்தன. 2020 டிசம்பரில் அந்நாட்டு உள்துறை அமைச்சு, 1984ஆம் ஆண்டின் அச்சு, பதிப்புச் சட்டத்தின் கீழ் அந்நூலுக்குத் தடை அறிவித்தது. ஒரு நாவலைப் பிடிக்கவில்லை என்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. நமக்குப் பிடிக்காத பக்கங்களை மட்டும் தனியே எடுத்துக்காட்டி, நூலை வாசிக்க இயலாத ஒருவரிடம் தீர்ப்பு வேண்டி நிற்பது வேறு. வாசக எதிர்வினைக்குப் பழக்கமும் பயிற்சியும் இல்லாத சமூகத்தில் முன்னது பின்னதாக மாற நெடுநேரம் ஆகாது.

முடிவுரை

இந்நாவலை உயர்நிலைப் பள்ளியில் பாடமாக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. பல்கலைக்கழகத்திலும் ஆசிரியர் பயிற்சியிலும் அதற்கு இடம் வேண்டும் என்பதே வேண்டுகோள். அங்கு அதனைக் கற்பிப்போர் அருவருப்பைக் கடந்துவருமாறு மாணவரைக் கேட்க வேண்டியதில்லை. எந்த வரியில் அது தோன்றியது, அது சொல்லாலா செயலாலா, தன்னிடத்தா பிறரிடத்தா என்று எழுதித்தரச் சொன்னால் போதும். பேசுவதற்கு முன் எழுதுவது என்ற இச்சிறு மாற்றம், கூட்டத்தின் தலையசைப்புக்கு முன்பே ஒவ்வொருவர் எதிர்வினையையும் தாளில் நிறுத்திவிடும். அடுத்துவந்த அமர்வுகளில் நாங்கள் இவ்வாறே செய்தோம். தாள்களில் பெயர் எழுத வேண்டியதில்லை என்றோம்.

திரும்பி வந்தவற்றுள் நான்கு தாள்கள் "எங்கள் வீட்டில்" என்ற தொடருடன் தொடங்கியிருந்தன.