காட்சியும் சாட்சியும்

திருகோணமலையைப் படம்பிடிக்க வருவோர் பெரும்பாலும் ஓரிடத்தையே தேர்கின்றனர். சுவாமிமலையின் செங்குத்துப் பாறை, அதன் உச்சியிற் கோணேசர் கோவில், கீழே நீலக் கடல் என்னும் இக்காட்சியை அஞ்சலட்டைகளும் நாட்காட்டிகளும் சலிப்பின்றி வழங்கி வந்துள்ளன. இவை பொய்ப் படங்கள் அல்ல. ஆயின், இராணுவம் நிலைகொண்டுள்ள பிறெட்றிக் கோட்டையினூடாகச் சென்றே அடியவர் அக்கோவிலை அடைகின்றனர் என்பதை இவை உணர்த்துவதில்லை. படத்தின் எல்லை எங்கே முடிய வேண்டும் என்பதை இங்கு அழகே தீர்மானிக்கின்றது. இதனைக் குற்றமெனக் கொள்வது மிகை. அஞ்சலட்டையிடம் எவரும் வாக்குமூலம் கேட்பதில்லை.

வாக்குமூலம் வேண்டப்பட்ட சந்தர்ப்பமொன்று இதே நகரில் நேர்ந்தது. 2006 ஜனவரி 2ஆம் நாள் மாலை, காந்தி சிலைக்கு அருகே கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்தமையே மரணத்துக்குக் காரணமென இராணுவத் தரப்பு கூறிற்று. 'சுடர் ஒளி' நாளிதழின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் அவ்விதழில் வெளிவந்தபோது, தலைகளிற் காணப்பட்ட துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் அக்கூற்றை மறுத்தன.

இத்தகைய படங்களை விமர்சன நோக்கில் ஆராய்வதே சிலருக்கு ஒவ்வாததாகத் தோன்றலாம். எனினும், அழகற்றவை ஆதலால் அவை நம்பத்தக்கவை என்ற எளிய முடிவை ஏற்பதற்கில்லை. அலங்காரமின்மையும் ஓர் ஒப்பனையாகலாம். 1855இல் கிரிமியப் போர்க்களத்தில் றோஜர் பென்ரன் ஒரே பாதையை இருமுறை படம்பிடித்தார். ஒன்றிற் பீரங்கிக் குண்டுகள் பாதைமீது சிதறிக் கிடக்கின்றன. மற்றையதிற் பாதை வெறுமையாக உள்ளது. குண்டுகள் பின்னர் பரப்பப்பட்டன என்றே ஆய்வாளர் பலர் கருதுவர். இரு படங்களும் ஒரே அளவு எளிமையானவை. ஒன்றை மட்டும் கண்டவர் எதனையும் ஐயுற்றிரார்.

சுகிர்தராஜனும் தேர்ந்தெடுத்தே படம்பிடித்தார். தேர்வின்றிப் படமில்லை. ஆனால், எது கண்ணைக் கவரும் என்பதன்று, எது மறுக்கப்படுகின்றது என்பதே அவர் தேர்வை நெறிப்படுத்திற்று. அன்றியும், அப்படங்கள் தனித்து நிற்கவில்லை. மருத்துவப் பரிசோதனையும் சூட்டுக் காயங்களையே கண்டது. படமெடுத்தவரோ அந்நகரிலேயே பணியாற்றிய, ஊரறிந்த ஒருவர். படத்தின் நம்பகம் படத்துக்கு வெளியேயும் தேடப்பட வேண்டியதாகின்றது.

இறந்தோரின் காயங்களை அச்சேற்றுதல் பெற்றோரைப் புண்படுத்தும் என்ற ஆட்சேபம் வலிமையானதே. ஆயினும், கைக்குண்டுக் கதை நிலைத்திருப்பின் அப்பிள்ளைகள் தம் மரணத்துக்குத் தாமே காரணரென்று பதிவாகியிருப்பர். அப்புண் ஆறக்கூடியதன்று.

2006 ஜனவரி 24ஆம் நாள் காலை திருகோணமலை நகரிற் சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கிற் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த 13 பேரையும், போதிய சாட்சியம் இல்லையெனக் கூறி, திருகோணமலை நீதவான் நீதிமன்றம் 2019 ஜூலையில் விடுவித்தது.