ஏழு மணி நேரம் ஜேசனோடு

ஒரு கொலைப்பட வரிசையைப் பற்றிய ஆவணப்படம், கிட்டத்தட்ட ஏழு மணி நேரம் ஓடும் என்றால் யார் பார்ப்பார்கள்? நான் பார்த்தேன். ஒரே மூச்சில் இல்லை, நாலு ராத்திரி. உசிலம்பட்டியில் மாடி ரூமில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு. அம்மா ஒருதடவை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா, வெள்ளக்காரங்க உக்காந்து பேசிக்கிட்டே இருக்காங்க"ன்னு போய்விட்டாள். அதுதான் படமே. 'கிரிஸ்டல் லேக் மெமரீஸ்', 2013-இல் டேனியல் ஃபாரண்ட்ஸ் எடுத்தது. 'ஃப்ரைடே தி தர்ட்டீன்த்' வரிசையின் பன்னிரண்டு படங்களிலும் வேலை பார்த்தவர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். பீட்டர் பிராக்கி இதே பெயரில் எழுதிய புத்தகம்தான் அடிப்படை.

இந்த வரிசையை நல்ல சினிமா என்று யாரும் சொல்லமாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் அது உருவான விதம் இருக்கிறதே, அது தனிக்கதை. 1979-இல் திரைக்கதை கையில் வருவதற்கு முன்பே ஷான் கன்னிங்ஹாம் 'வெரைட்டி' பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துவிடுகிறார். படத்தின் பெயர் மட்டும்தான் இருக்கிறது, படம் இல்லை. பெட்ஸி பால்மர் கொலைகாரத் தாயாக நடிக்க ஒத்துக்கொண்டதற்குக் காரணம், அவருக்கு ஒரு புது கார் தேவைப்பட்டது. நாம் எல்லோரும் வாயால் செய்துகாட்டும் அந்த "கி கி கி மா மா மா" சத்தம், 'அம்மா, அவளைக் கொல்லு' என்ற வசனத்தின் ஆங்கில எழுத்துகளை வெட்டி ஹாரி மான்ஃப்ரெடினி மைக்கில் தானே முனகியது. ஜேசனின் ஹாக்கி முகமூடி 1982-இல், மூன்றாவது படத்தில்தான் வருகிறது. இரண்டாவதில் தலையில் சாக்குத்துணி. முதல் படத்தில் அவன் கொலைகாரனே இல்லை.

ஆறாவது படம் தாண்டும்போது எனக்கே அலுத்தது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு அத்தியாயம், ஒவ்வொன்றிலும் இயக்குநர், நடிகை, மேக்கப்காரர், அப்புறம் தணிக்கையில் வெட்டுப்பட்டது எவ்வளவு என்ற புலம்பல். எட்டாவதில் ஜேசன் மன்ஹாட்டனுக்குப் போகிறான் என்று பெயர் வைத்துவிட்டுப் பெரும்பகுதியை வான்கூவரில் எடுத்தார்கள். பத்தாவதில் விண்வெளி. இதையெல்லாம் வேகமாக ஓட்டியிருக்கலாம். ஆனாலும் இதன் பலமே இந்தப் பிடிவாதம்தான். மூன்று நிமிஷம் வந்து கோடரி வாங்கிச் செத்த பெண்ணையும் தேடிப்பிடித்து நாற்காலி போட்டு உட்காரவைக்கிறார்கள். அவர் பெயர் திரையில் வருகிறது. அன்றைக்குக் குளிர் எப்படி இருந்தது, போலி ரத்தம் எப்படி ஒட்டியது என்று அவர் சொல்கிறார்.

குறை என்று சொன்னால், எல்லாமே கொஞ்சம் கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. எல்லோருக்கும் எல்லோர் மேலும் பாசம். முதல் படத்தில் கடைசிவரை உயிர்பிழைத்த பெண்ணாக நடித்தவர் ஏட்ரியன் கிங். படம் ஓடியபின் ஒரு ரசிகன் நிஜத்திலேயே அவரைப் பின்தொடர்ந்து மிரட்டினான். அவர் வெகுகாலம் கேமரா முன்னால் வராமல் ஒதுங்கினார். அடுத்த படத்தின் தொடக்கத்திலேயே அவருடைய பாத்திரத்தையும் கொன்றார்கள். இந்த இடத்தில் படம் இன்னும் நின்றிருக்கலாம். விமர்சகர் ஜீன் சிஸ்கல் கோபத்தில் கொலைகாரி யார் என்பதைப் போட்டு உடைத்ததோடு, பெட்ஸி பால்மர் வசிக்கும் ஊரையும் எழுதி, அவருக்குக் கண்டனக் கடிதம் போடச் சொன்னார். எடுத்தவர்கள் ஆம்பளைங்க, கடிதம் நடித்த அம்மாவுக்கும்!

இதைப் பார்க்கும்போது என் மண்டைக்குள் வேறொரு படம் ஓடிக்கொண்டிருந்தது. ஜான் கார்பென்டரின் 'ஹாலோவீன்' அமெரிக்காவில் வந்தது 1978 அக்டோபர். அதே மாதம் நம்ம ஊர்த் தியேட்டர்களில் 'சிகப்பு ரோஜாக்கள்'. ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் காப்பியடிக்க நேரமே கிடையாது. உசிலம்பட்டியில் தேனி பஸ் ஏறினால் வரும் அல்லிநகரத்துக்காரர் பாரதிராஜா, '16 வயதினிலே' எடுத்த பிறகு, பெண்களைக் கூட்டிவந்து கொன்று தோட்டத்தில் புதைத்து மேலே ரோஜா வளர்க்கும் ஒருத்தனைக் கமல்ஹாசனை வைத்து எடுக்கிறார். 1980-இல் அவரே இந்தியில் 'ரெட் ரோஸ்' ஆக்குகிறார். அதோடு சரி, இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் கிடையாது. பிறகு பாலுமகேந்திராவின் 'மூடுபனி', 1984-இல் மணிவண்ணனின் 'நூறாவது நாள்'. மொட்டைத்தலை சத்யராஜ் எங்கள் வீதியில் எத்தனை பிள்ளைகளை வேளையோடு சோறு தின்ன வைத்தார் தெரியுமா?

'சிகப்பு ரோஜாக்க'ளை நான் முதலில் பார்த்தது கேபிள் டிவியில், அப்பத்தாவின் மடியில் சாய்ந்துகொண்டு. அந்தக் கொலைகாரனுக்கு ஒரு முன்கதை உண்டு. சின்ன வயதில் ஒரு பெண் அவனை மாட்டிவிட்டாள், இன்னொரு பெண் புருஷனுக்குத் துரோகம் செய்ததைக் கண்ணால் பார்த்தான், அதனால் பெண் என்றாலே வெறுப்பு. இளையராஜா வேறு பின்னணியில் நம்மை அவன் பக்கம் இழுக்கிறார். அப்பத்தா வெற்றிலையை மென்றபடி சொன்னது: "கொன்னவனுக்கு இம்புட்டுக் கத சொல்றானே, செத்தவளுகளுக்கு ஒண்ணும் இல்லயாடா?"

அன்றைக்கு அது எனக்கு விளங்கவில்லை. அவள் எங்கிருந்து பேசினாள் என்பது பிறகு தெரிந்தது. 1986-இல் 'இந்தியா டுடே' பெண்சிசுக் கொலையை அட்டைப்படக் கட்டுரையாகப் போட்ட பிறகு எங்கள் ஊர்ப்பெயரைச் சொன்னாலே வெளியூர்க்காரர் முகம் மாறும். கல்லூரியில் எனக்கும் நடந்திருக்கிறது. அப்புறம் ஊருக்கு வந்த கேமராக்கள் பெரும்பாலும் தாயின் முகத்தைத்தான் தேடின. புருஷன், மாமனார், வரதட்சணை, ஸ்கேன் சென்டர் எல்லாம் பின்னால் மங்கலாக. நடந்ததை நான் மறைக்கவில்லை. 'யார் செய்தது' என்ற கேள்வியோடு வந்த கேமரா, ஜேசனின் அம்மாவைக் கண்டதும் முடிந்துவிடும் அந்த முதல் படம் மாதிரி, ஒரு பொம்பளையைக் காட்டிவிட்டுக் கிளம்பிப் போனது என்கிறேன்.

அதனால்தான் அந்த ஏழு மணி நேரம் எனக்குப் பொறாமையாக இருந்தது. நமக்கு ஆளும் குறைந்துகொண்டே வருகிறது. மணிவண்ணன் 2013-இல் போனார், பாலுமகேந்திரா 2014-இல், ஸ்ரீதேவி 2018-இல். 'சிகப்பு ரோஜாக்கள்' பற்றி யாராவது எடுத்தால், கமலிடம் நூறு பேர் கேட்டதையே நூற்றியோராவது தடவை கேட்பார்கள். எனக்கு வேண்டியது அந்தத் தோட்டத்துக்குள் போன பெண்கள். ஷூட்டிங் எத்தனை நாள், சம்பளம் ஒழுங்காக வந்ததா, வீட்டில் என்ன சொல்லிவிட்டு நடிக்கப் போனார்கள், படத்தைக் குடும்பத்தோடு போய்ப் பார்த்தார்களா.

போன வாரம் படத்தை மறுபடி போட்டு டைட்டிலை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அந்தக் காலத்து டைட்டில், பெயர்கள் வரிசையாக ஓடும், யார் எந்த வேடம் என்று இருக்காது. சாகிற காட்சியில் நிறுத்தி அம்மாவைக் கூப்பிட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இந்தப் புள்ளய வேற படத்துலயும் பாத்திருக்கேன்டா. பேருதான் வரமாட்டேங்குது."