எழுத்தின் ஒழுங்கும் பழமையின் இசைவும்

திருக்கோவில் சித்திர வேலாயுத சுவாமி கோயிலில் விசயபாகு என்னும் மன்னனின் பெயரைக் கூறும் தமிழ்க் கல்வெட்டு உண்டு. இடைக்காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளைப் பயிற்சியின்றி வாசிக்க முற்படும் பல்கலைக்கழக மாணவர் முதல் வரியிலேயே இடர்ப்படுவர். அவை தமிழில் எழுதப்பட்டவை, மாணவரும் தமிழறிந்தவர். எனினும் அக்கல்வெட்டுகளிற் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவால் வேறுபடுவதில்லை. எழுதியவருக்கும் வாசிப்பவருக்கும் இடையில் எழுத்தின் விதிகள் மாறிவிட்டன. விதியைத் திருத்துவோர் ஒழுங்கைப் பெறுகின்றனர். அதற்கான விலையைப் பழைய ஏட்டைத் திறப்பவர் செலுத்துகின்றார்.

இவ்விலையைப் பற்றிய வாதம் இன்று கணினிக்கான செய்நிரல் மொழிகளை ஆக்குவோரிடையே வலுப்பெற்றுள்ளது. மொழி ஒழுங்குடையதாக இருத்தல் வேண்டும் என்பது ஒரு கட்சி. நேற்று எழுதிய செய்நிரல் இன்றும் பிழையின்றி இயங்குதல் வேண்டும் என்பது மறுகட்சி. பைதன் என்னும் மொழியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அதன் மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரில் வெளிவந்தது. இரண்டாம் பதிப்புக்கான பராமரிப்பு 2020 ஜனவரி 1ஆந் திகதியுடன் நிறுத்தப்பட்டது. ஒரு மொழியின் பயனாளர் பழையதிலிருந்து புதியதற்குப் பெயர்வதற்குப் பதினோராண்டுகள் தேவைப்பட்டன.

அம்மாற்றங்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. அச்சிடுதற்குரிய கட்டளை புதிய பதிப்பில் அடைப்புக்குறியை வேண்டிற்று. பழைய முறையில் எழுதினால் செய்நிரல் இயங்காது நின்று பிழையை அறிவிக்கும். எழுதியவர் உடனே திருத்திக்கொள்ளலாம். ஆனால் 7ஐ 2ஆல் வகுக்கும் கோவை பழைய பதிப்பில் 3 என்ற விடையையும் புதியதில் 3.5 என்ற விடையையும் தந்தது. இங்கு எவ்வித அறிவிப்பும் இல்லை. வடிவம் அதுவே, பொருள் மட்டும் வேறு. முன்னையது வெளிப்படையான முறிவு. பின்னையது மௌனமான முறிவு. மொழியை ஆக்கியோர் இதனை உணர்ந்தே, 2001இல் வந்த 2.2ஆம் பதிப்பிலேயே முழுவெண் வகுத்தலுக்குத் தனிக் குறியொன்றை வழங்கி, புதிய பொருளை விரும்புவோர் தம் செய்நிரலின் தலைப்பில் அதனைக் கேட்டுப் பெறவும் வழிசெய்தனர். எனவே ஒரு சீர்திருத்தத்தை மதிப்பிடுமிடத்து அது எவ்வளவு மாற்றியது என்பதனோடு, பழைய வடிவத்துக்குப் புதிய பொருளைச் சூட்டியதா என்பதையும் வினவுதல் வேண்டும்.

இவ்வளவுகோலைத் தமிழெழுத்தின் வரலாற்றுக்குப் பொருத்திப் பார்த்தல் பயன்தரும். குற்றெழுத்துகளாகிய எகரமும் ஒகரமும் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் விதி, புள்ளியில்லாதது நெடில். இன்றைய வழக்கிற்குக் காரணராகக் கருதப்படும் வீரமாமுனிவர் (1680–1747) நெடிலுக்குத் தனிக்குறி அமைத்துக் குறிலைக் குறியின்றி விட்டார். ஆகவே முன்பு நெடிலாக நின்ற வடிவமே பின்பு குறிலாயிற்று. இது மௌனமான முறிவே. ஆயினும் அதனைக் குற்றமெனல் பொருந்தாது. ஓலையிற் புள்ளியிடும் வழக்கம் அருகிவிட்டமையால் ‘கொடு’ என்பதும் ‘கோடு’ என்பதும் ஏற்கெனவே ஒரே வடிவில் எழுதப்பட்டு வந்தன. அவர் முறித்தது விதியை. வழக்கோ முன்னரே முறிந்திருந்தது. பிற்காலத்தில் ஏடுகளைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் (1855–1942) போன்றோர் சொல்தோறும் குறிலா நெடிலா எனத் துணிய வேண்டியிருந்தமைக்கு அப்பழைய மயக்கமே காரணம்.

பெரியார் 1935 முதல் தம் இதழ்களில் வழங்கிய எழுத்து முறையைத் தழுவித் தமிழ்நாட்டு அரசு 1978இல் செய்த திருத்தம் வேறு வகையினது. ணா, றா, னா. இவற்றின் ஒகர ஓகார வரிசையில் ஆறு. ணை, லை, ளை, னை என ஆகப் பதின்மூன்று எழுத்துகளே மாறின. புதிதாக எக்குறியும் படைக்கப்படவில்லை. ‘கா’விலும் ‘கை’யிலும் முன்பே வழங்கிய குறிகளே இவற்றுக்கும் நீட்டப்பட்டன. ஆதலின் பழைய வாசகர் புதிய நூலை எவரும் கற்பிக்காமலே வாசித்தனர். கைவிடப்பட்ட பழைய வடிவங்கள் எவையும் வேறு ஒலிக்கு வழங்கப்படவில்லை. இன்றைய மாணவர் பழைய பதிப்பில் துதிக்கை போன்ற வளைவுடைய லைகாரத்தைக் கண்டு தயங்கலாம், தவறாக வாசிக்கமாட்டார். இத்திருத்தம் நிலைபெற்றமைக்கு அரசாணையைவிட இவ்வியல்பே பெரிதும் துணைநின்றது எனலாம்.

உகர ஊகார வரிசைகளுக்கும் தனிக்குறி வேண்டும் என்று வா. செ. குழந்தைசாமி போன்றோர் கூறியது ஏன் ஏற்கப்படவில்லை என்னும் வினா இவ்விடத்து எழும். கு, சு, டு, மு என எழுத்துக்கெழுத்து வேறுபடும் வடிவங்கள் குழந்தைகளுக்குச் சுமை என்பது மறுக்கவியலாத வாதம். அம்முறையும் பழைய வடிவத்துக்குப் புதுப்பொருள் தராது. ஆனால் இவ்விரு வரிசைகளில் மட்டும் 36 எழுத்துகள் மாறும். உகரமின்றித் தமிழில் ஒரு பக்கம் எழுதுதலும் அரிது. புதிய முறையில் மட்டும் பயின்ற குழந்தைக்கு அதுவரை அச்சான நூலனைத்தும் கற்று வாசிக்க வேண்டியவையாகிவிடும். குழந்தையின் சுமையைக் குறைக்கும் திருத்தம் அதே குழந்தையின் நூலகத்தைப் பூட்டிவிடக்கூடாது.

கணினியில் தமிழ் எழுத்துகளுக்கு எண் வழங்கிய யுனிகோட் முறையில் இச்சிக்கல் மறுபடியும் தோன்றிற்று. 1991இல் இந்தியக் குறியீட்டு முறையைப் பின்பற்றி அமைந்த அவ்வரிசையில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் நிற்கின்றன. நெடுங்கணக்கு அங்கு இல்லை. மெய்யே அடிப்படை என்பது நம் இலக்கணம்; அங்கு அகரமேறிய எழுத்தே அடிப்படை. அதனால் ‘தமிழ்’ என்னும் மூன்றெழுத்துச் சொல்லைக் கணினி ஐந்தெனக் கணக்கிடும். இக்குறைகளை நீக்க ஒவ்வோரெழுத்துக்கும் தனியெண் வழங்கும் முறையொன்றும் வகுக்கப்பட்டது. தமிழ்நாட்டு அரசு 2010இல் யுனிகோடைத் தரமாகவும் அதனை மாற்றாகவும் ஏற்றது.

யுனிகோட் தன் வரிசையைத் திருத்த மறுப்பது பிடிவாதத்தால் அன்று. 1996இல் கொரிய அசையெழுத்துகளை அது வேறிடத்துக்குப் பெயர்த்தது; அவை விட்டுச்சென்ற எண்களில் 1999இல் சீன எழுத்துகள் அமர்த்தப்பட்டன. பழைய கொரியக் கோப்பொன்று புதிய கணினியில் சீன எழுத்துகளாகத் தோன்றும் நிலை உருவாயிற்று. வகுத்தற்குறியில் நேர்ந்த அதே மௌனமான முறிவு இது. அன்று முதல், ஒருமுறை வழங்கிய எண் பெயர்க்கப்படாது என்பது அதன் உறுதியான நெறி. நெடுங்கணக்கு வரிசை, எண்களைத் தொடாமல், அவற்றுக்கு மேலமைந்த வரிசைப்படுத்தும் விதிகளால் பெறப்படுகின்றது.

இத்தீர்வும் இலவசமன்று, தமிழுக்காகச் செய்நிரல் எழுதும் ஒவ்வொருவரும் அவ்விதிகளைக் கற்றே தீரல் வேண்டும். எனினும் இச்சுமையைச் சுமப்பவர் வாழ்கின்றார். கருவியால் அதனைக் குறைத்துக்கொள்ளவும் வல்லவர். பழையது நீங்குதலும் புதியது சேர்தலும் குற்றமல்ல என்று நன்னூலார் இசைவு தந்தார். அவ்விசைவுக்கு ஓர் எல்லையுண்டு: நீக்கலாம், சேர்க்கலாம், நின்ற வடிவத்தின் பொருளை அறிவிப்பின்றி மாற்றலாகாது. திருக்கோவிற் கல்லில் எழுதியவர் தம் எழுத்துக்கு விளக்கம் கூற இனி வரப்போவதில்லை. அவர் சார்பில் வழக்காட வேண்டியவர் விதியைத் திருத்துவோரே.