அக்கரையும் இக்கரையும்

செல்வியைப் பற்றிப் பேச்செடுத்தால், திரேஸ்புரத்து இலக்கிய நண்பர்கள், 'இப்பப் போய் எதுக்குய்யா இதெல்லாம்?' என்கிறார்கள். அரசுத் தணிக்கை என்றால் கொதிப்பவர்கள்தாம் இவர்கள்.

1991 ஆகஸ்ட் 30. யாழ்ப்பாணம் புலிகளின் ஆட்சியில் இருந்தது. 'தோழி' இதழை நடத்திய கவிஞர் செல்வியை, பல்கலைக்கழக மாணவியை, அவர்கள் பிடித்துப் போனார்கள். 1992இல் பென் அமைப்பு விருது தந்தது, அவர் திரும்பவேயில்லை.

'எதிரிக்குப் பயன்படும்' என்பது பழைய வாதம். புளொட்டின் உள்ளேயிருந்த கோவிந்தன், இயக்கத்தின் உட்கொலைகளை 1985இலேயே 'புதியதோர் உலகம்' நாவலாக எழுதினார். அவர் எதிரியா? விடுதலைக்குப் பிறகு பேசிக்கலாம் என்று ஒத்திப்போட்டால், எப்படிப்பட்ட விடுதலை என்று கேட்கவே அன்றைக்கு ஆளிருக்காது. செல்வி இல்லாமற்போனது அப்படித்தான்.

2009இல் புலிகள் போய்விட்டார்கள். இக்கரையில் நம் வாயை இன்னும் பொத்துவது யார்?